அம்மாவுக்கு பித்தக்குழாய்ல வச்ச ஸ்டென்ட் ரெண்டாவது தடவையும் நகர்ந்துடுச்சு, அடுத்து பிளாஸ்டிக்கா மெட்டலா?

மூத்தமகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதப் போறேன், யாராவது பொறுமையா படிச்சு சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். அம்மாவுக்கு 58 வயசு. ஏழு மாசத்துக்கு முன்னாடி பித்தப்பையில கல்லுன்னு லேப்ராஸ்கோப்பி பண்ணி பித்தப்பைய எடுத்தாங்க. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தாங்க, அப்புறம் உள்ளங்கை உள்ளங்கால்ல ஆரம்பிச்சு உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி தூக்கமே கிடையாது, யூரின் கருமஞ்சளா போகுது, மலம் வெளுத்துப் போச்சு, ஒரு வாரத்துல கண்ணும் மஞ்சளாயிடுச்சு. எம்ஆர்சிபி ஸ்கேன்ல (பித்தக்குழாயைப் பாக்குற எம்ஆர்ஐ) ஆபரேஷன் நடந்த இடத்துக்குப் பக்கத்துல பித்தக்குழாய் சுருங்கியிருக்குன்னு வந்துச்சு. கேன்சர் இல்ல, தழும்பு விழுந்து சுருங்கினதுன்னு சொன்னாங்க.

இஆர்சிபி பண்ணி, அதாவது வாய் வழியா எண்டோஸ்கோப் டியூப் விட்டு, பித்தக்குழாய் சிறுகுடல்ல திறக்குற வாயை கொஞ்சம் வெட்டி விட்டு, சுருக்கத்தை பலூன்ல விரிச்சு, குழாய் திறந்தே இருக்கறதுக்கு 10 பிரெஞ்ச் (பருமனோட அளவு) பிளாஸ்டிக் ஸ்டென்ட், சின்னக் குழல் ஒண்ணு வச்சாங்க. மூணு மாசம் தாங்கும்னு சொன்னாங்க, ஏழாவது வாரமே பழையபடி அரிப்பு. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஸ்டென்ட்டே காணோம், மலத்தோட வெளிய போயிருக்கும்னு சொல்லிட்டாங்க. நாங்க யாரும் பாக்கல. ரெண்டாவது தடவை 10 பிரெஞ்ச் ஒண்ணு, 7 பிரெஞ்ச் ஒண்ணுன்னு ரெண்டு வச்சாங்க. இப்ப மூணு மாசம் முடிஞ்சு மாத்துறதுக்காகப் போனா, பெரியது இடத்துல இருக்கு, சின்னது முழுசா மேல ஏறி குழாய்க்குள்ள போயிடுச்சாம். முதல் தடவை கீழ, இந்தத் தடவை மேல.

டாக்டர் ரெண்டு வழி சொல்றாரு. ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிளாஸ்டிக் ஸ்டென்ட் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போயி ஒரு வருஷம் ஓட்டுறது. இன்னொண்ணு, முழுசா கவர் பண்ண மெட்டல் ஸ்டென்ட் ஒண்ணு வச்சு சில மாசம் கழிச்சு எடுத்துடுறது. ஆனா "அதுவும் நகரலாம்"னு அவரே சொன்னதும் எனக்குப் பாதி தைரியம் போயிடுச்சு. ஒரு பொருளை உள்ள வச்சா அது ஏன் நிக்க மாட்டேங்குது? இத்தனை வருஷமா வைக்கிறாங்களே, நகராத மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா? அம்மா இன்னொரு தடவை வாய் வழியா டியூப் விடணுமான்னு கேட்டு அழுறாங்க. அடுத்த வாரம் முடிவு சொல்லணும்.

அப்பா_பிள்ளை:

சகோதரி, எங்க அப்பாவுக்கு கணையத்தோட தலைப்பகுதியில கேன்சர் வந்து பித்தக்குழாய் அடைஞ்சப்ப மெட்டல் ஸ்டென்ட் வச்சாங்க. கவர் இல்லாதது, வெறும் கம்பி வலை. வச்ச நாள்ல இருந்து அவர் போற வரைக்கும் ஒன்பது மாசம், ஒரு தடவை கூட நகரல, மஞ்சக்காமாலையும் திரும்ப வரல. அரிப்பு நின்னு அவர் நிம்மதியா தூங்குனதே அந்த ஸ்டென்ட்டாலதான். கவர் போட்டா நழுவும், கவர் இல்லாட்டி சதையோட சதையா பிடிச்சுக்கும்னு அப்ப டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கு. நீங்களும் கவர் இல்லாததையே கேட்டுப் பாருங்களேன், அம்மாவுக்கு இந்த அலைச்சல் இருக்காது.

எண்டோரூம்_அக்கா:

மூத்தமகள், அம்மா படுற பாடு புரியுதும்மா. நான் இஆர்சிபி ரூம்ல நர்ஸா 14 வருஷமா இருக்கேன், உங்க கேள்விக்கு வரதுக்கு முன்னாடி அப்பா_பிள்ளை தம்பி சொன்னதுக்கு ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். தம்பி, உங்க அப்பாவுக்கு வச்சது அவருக்கு ரொம்ப சரியான ஸ்டென்ட். ஆனா அதே ஸ்டென்ட்ட இந்த அம்மாவுக்கு வைக்கக் கூடாது. கவர் இல்லாத வலைக்குள்ள கொஞ்ச நாள்லயே சதை வளந்து கம்பியை மூடிடும், அதனாலதான் அது நகராது, அதே காரணத்தாலதான் அதை அப்புறம் எடுக்கவும் முடியாது. கேன்சர்ல எடுக்கணும்ங்கற தேவையே இல்ல. தழும்பால வந்த சுருக்கத்துல அப்படி இல்ல, இவங்களுக்கு 58 வயசு, இன்னும் இருபது முப்பது வருஷம் வாழ வேண்டியவங்க. எடுக்க முடியாத கம்பி உள்ள இருந்தா சில வருஷத்துல வலைக்குள்ள சதை வளந்து அடைக்கும், பித்தச் சேறு சேரும், கல்லு சேரும், அடிக்கடி காய்ச்சல் வரும், பின்னால ஆபரேஷன்தான் பண்ணணும்னாலும் சர்ஜனுக்கு குழாயைப் பிரிச்சு எடுக்கறதே பெரும் பாடு. அப்படி வச்சுட்டு வந்தவங்களை எங்க ரூம்லயே பாத்திருக்கேன், கண் கலங்கும். கேன்சர் இல்லாத சுருக்கத்துக்கு கவர் இல்லாத மெட்டல் வேண்டாம், இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

இப்ப பிளாஸ்டிக் ஏன் நகருதுன்னு சொல்றேன். அம்மாவுக்கு வச்ச மாதிரி நேர் ஸ்டென்ட்ல ரெண்டு முனையிலயும் ஓரமா ஒரு சின்ன மடல் வெட்டி விட்டிருப்பாங்க, மீன் செதில் தூக்கி நிக்கிற மாதிரி. ஆம்ஸ்டர்டாம் மாடல்னு சொல்லுவோம். மேல் மடல் சுருக்கத்துக்கு மேல நின்னு கீழ விழாம தடுக்கணும், கீழ் மடல் சிறுகுடல்ல குழாய் வாய்க்கு வெளிய நின்னு மேல போகாம தடுக்கணும். கணக்கு அவ்வளவுதான். ஆனா அடைப்புக்கு மேல குழாய் வீங்கிப் போயி இருக்கும், மேல் மடலுக்கு சாஞ்சு நிக்க சுவரே கிடைக்காது, சுருக்கம் மட்டும்தான் ஸ்டென்ட்டைப் பிடிச்சிருக்கும். குழாய் வாயையும் வெட்டி விட்டாச்சு, அங்க இருந்த பிடியும் போச்சு. கீழ் முனை தொங்குறது சிறுகுடல்ல, அது நாள் முழுக்க அசைஞ்சு கீழ தள்ளிக்கிட்டே இருக்கும். கூடவே ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் மேலயும் கீழயும் போகுது, குழாயும் அதோட போகுது. இத்தனைக்கும் நடுவுல 3 மி.மீ சொச்சம் பருமன் உள்ள வழவழப்பான ஒரு குழல், அது நகர்றதுல ஆச்சரியமே இல்ல.

மேல ஏறுனதுக்கு பெரும்பாலும் நீளம்தான் காரணமா இருக்கும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பகுதி ரொம்பக் குட்டையா இருந்தா மடல் மடங்கி உள்ள போயிடும். அதுக்குன்னு நீளமா வச்சாலும் ஆபத்து, கீழ் முனை எதிர்ப்பக்கத்து சிறுகுடல் சுவர்ல குத்தும், புண்ணாகும், ரொம்ப அபூர்வமா ஓட்டையே விழும். அதனாலதான் டாக்டர் சுருக்கத்துல இருந்து வாய் வரைக்கும் தூரத்தை ஒயர் வச்சு அளந்துட்டு என்கிட்ட "7 சென்டி கொடு, 9 சென்டி கொடு"ன்னு கேப்பாரு. ஒரு சென்டி முன்ன பின்ன ஆனா அதோட பலன் ரெண்டு மாசம் கழிச்சு தெரியும்.

பன்னிவால் மாதிரி ரெண்டு முனையும் சுருண்டு நிக்கிற பிக்டெயில்னு ஒரு வகை இருக்கு, அது நேர் ஸ்டென்ட்ட விட இடத்துல நிக்கும், குத்தவும் குத்தாது. ஆனா உள் விட்டம் அவ்வளவா கிடைக்காது, சீக்கிரம் அடைக்கும். பல பிளாஸ்டிக்கை பக்கத்துல பக்கத்துல வைக்கும்போது ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கும், தனியா ஒண்ணு நகர்ற மாதிரி சுலபமா நகராது. நாலு ஸ்டென்ட் வச்சவங்களை விட ஒண்ணு வச்சவங்களுக்குத்தான் நகர்ந்துடுச்சுன்னு நாங்க அதிகம் பாத்திருக்கோம்.

மேல ஏறுனதை எடுக்கிறதை நினைச்சு பயப்படாதீங்க. பக்கத்துல பலூனை ஊதி இழுத்துப் பாப்பாங்க, இல்லாட்டி கூடை, இல்லாட்டி சுருக்குக் கண்ணி, இல்லாட்டி ஸ்டென்ட்டோட துளைக்குள்ளயே ஒயரை விட்டு திருகாணி மாதிரி முனை உள்ள கருவியால திருகிப் பிடிச்சு வெளிய கொண்டு வருவாங்க. பெரும்பாலும் வந்துடும், சில சமயம் ரெண்டு தடவை போக வேண்டியிருக்கும்.

ரெண்டு விஷயம் கேக்கணும். சுருக்கம் குழாய் ரெண்டா பிரியுற இடத்துல இருந்து எவ்வளவு கீழ இருக்கு? சுருக்கத்துக்குக் கீழ குழாய் எத்தனை மி.மீ? ரிப்போர்ட்ல இருக்கும், பாத்து சொல்லுங்க. மெட்டலா பிளாஸ்டிக்காங்கறது அதுல பாதி முடிவாயிடும்.

அப்பா_பிள்ளை:

அக்கா, தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. எங்க அப்பாவுக்கு நல்லா இருந்துச்சேங்கற எண்ணத்துல எழுதிட்டேன். மூத்தமகள், அக்கா சொல்றதையே கேளுங்க.

கம்பிவலை:

வணக்கம். நான் டாக்டர் இல்ல, மருத்துவக் கருவிகளுக்கு உலோகப் பொருள் சோதிக்கிற வேலையில இருக்கேன், ஸ்டென்ட்டும் அதுல உண்டு. "நகராத மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா"ன்னு நீங்க கேட்டது இந்தத் துறையில இருக்கறவங்க எல்லாம் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கற கேள்வி, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

எண்டோஸ்கோப்பி வழியா பித்தக்குழாய்ல பிளாஸ்டிக் வைக்கிற முறையை டாக்டர்கள் சோஹேந்திராவும் ரெய்ண்டர்ஸ்-ஃபிரெடரிக்ஸும் 1980-ல வெளியிட்டாங்க. அதோட பெரிய குறை நகர்றதை விட அடைக்கிறதுதான். உள்சுவர்ல பாக்டீரியா ஒட்டி படலம் கட்டும், அதுமேல பித்தச் சேறு படியும், அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. குழாய்ல ஓடுற அளவு ஆரத்தோட நாலாம் அடுக்குக்கு ஏத்த மாதிரி மாறும், 7 பிரெஞ்ச்ல இருந்து 10 பிரெஞ்சுக்குப் போனா கணக்குப்படி நாலு மடங்கு. மூணு பிரெஞ்ச்னா ஒரு மி.மீ. ஆனா எண்டோஸ்கோப்போட துளை ஒரு அளவுக்கு மேல பெரிய பிளாஸ்டிக்கை விடாது, பிளாஸ்டிக் அங்கதான் முட்டி நிக்குது. மெட்டல் அந்தத் தடையைத் தாண்டுறதுக்கு வந்தது. சின்ன உறைக்குள்ள மடிச்சு உள்ள கொண்டு போயி, உறையை இழுத்ததும் தானா 8 அல்லது 10 மி.மீ-க்கு விரியும். 10 மி.மீ-ன்னா 30 பிரெஞ்ச், அதாவது சுருக்கத்தை விரிக்கிற வேலையில பல பிளாஸ்டிக் சேந்து செய்யறதை ஒண்ணே செய்யும். கம்பி பெரும்பாலும் நிட்டினால்ங்கற உலோகக் கலவைதான். அந்தப் பேரே நிக்கல், டைட்டானியம், அதைக் கண்டுபிடிச்ச அமெரிக்க கடற்படை ஆயுத ஆய்வகம் இது மூணையும் சேத்து வச்ச பேரு. நல்லா மடக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அந்தக் குணத்துக்காகத்தான் அதை எடுக்கறாங்க.

இந்தக் கம்பி வலையில ரெண்டு விசையைப் பாக்கணும். ஒண்ணு பக்கவாட்டுல விரியுற விசை, அதுதான் சுருக்கத்தைத் திறந்து வைக்குது. இன்னொண்ணு நிமிர்ற விசை, வளைச்சு வச்சா திரும்ப நேராகப் பாக்குற பிடிவாதம். பித்தக்குழாய் நேரான குழாய் கிடையாது, கீழ போகப் போக வளையும். நிமிர்ற விசை அதிகம் உள்ள ஸ்டென்ட் வளைவுல இருந்துக்கிட்டு நேராக முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும், முனை சுவர்ல குத்தும், குழாய் அந்த இடத்துல மடங்கும், ஸ்டென்ட்டும் இடம் மாறும். நிறைய பேர் விரியுற விசையை மட்டும் பாத்துட்டு இதை விட்டுடறாங்க, என்னைக் கேட்டா நகர்றதுக்கு இது பெரிய காரணம். பின்னல் வகைல இன்னொரு சிக்கலும் உண்டு. உறைக்குள்ள நீளமா இருக்கும், விரியும்போது குறுகும், அதைக் கணக்குல எடுக்காம வச்சா சுருக்கம் ஸ்டென்ட்டோட நடுவுல வராம ஒரு முனைப் பக்கம் போயிடும். ஈரமான பழக்கொட்டையை ரெண்டு விரலால ஓரமா அமுக்கினா எப்படி வழுக்கி ஓடுது, அதே கதைதான் அப்புறம். லேசர்ல வெட்டின வகை இப்படிக் குறுகாது.

இப்ப கவர் விஷயம். சிலிகானோ அது மாதிரி வேற பாலிமரோ வலைமேல பூசியிருக்கும், சதை உள்ள வளராது, அதனாலதான் எடுக்க முடியுது. எது எடுக்க வைக்குதோ அதேதான் நழுவவும் வைக்குது, இந்த இழுபறியை இன்னும் யாரும் முழுசா தீர்க்கல. நடுவுல பல வழி தேடியிருக்காங்க. ரெண்டு முனையையும் எக்காளம் மாதிரி அகலமாக்குறது, மேல் பக்கம் சின்னச் சின்ன கொக்கி மடல் வைக்கிறது, நடுவுல இடுப்பு மாதிரி ஒடுக்கி சுருக்கம் அங்க உக்காருற மாதிரி செய்யறது, முனைகளை மட்டும் கவர் இல்லாம விட்டு அங்க மட்டும் சதை பிடிக்க விடறது. கொக்கி மடல் உள்ளதை அகல முனை உள்ளதோட ஒப்பிட்ட ஆய்வுல மடல் வச்சது தெளிவா நல்லா நின்னிருக்கு. முனையைக் கவர் இல்லாம விட்டதை எடுக்கும்போதுதான் கஷ்டம், சதை பிடிச்சிருக்கும், சில சமயம் உள்ள இன்னொரு முழு கவர் ஸ்டென்ட்ட வச்சு அந்தச் சதையை நசுக்கி, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டையும் சேத்து எடுக்கறாங்க. டாக்டர்கள் கையாளுற இன்னொரு எளிய வழி, கவர் மெட்டலுக்கு உள்ளயே ரெண்டு பக்கமும் சுருண்ட பிக்டெயில் பிளாஸ்டிக் ஒண்ணை நங்கூரம் மாதிரி விடறது. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச யோசனை, ஏன்னா மெட்டலை மாத்தாமலே, எடுக்குற வசதியையும் கெடுக்காம பிடியைக் கூட்டுது.

இன்னும் ஒண்ணு, இதுதான் உங்க மனசுக்குத் தெம்பா இருக்கும்னு நினைக்கிறேன். தழும்புச் சுருக்கத்துல ஸ்டென்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கறதே அந்தச் சுருக்கம்தான். சுருக்கம் விரிஞ்சு குணமாக ஆக பிடி தளரும். அஞ்சு மாசம் கழிச்சு ஒரு மெட்டல் ஸ்டென்ட் கீழ இறங்கினா பல சமயம் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். ரெண்டாவது வாரம் இறங்கினாத்தான் கவலை. அதனால "அதுவும் நகரலாம்"னு டாக்டர் சொன்னதைக் கேட்டு உடைஞ்சு போகாதீங்க, எப்ப நகருதுங்கறதுதான் முக்கியம்.

ஆய்வு விஷயம் ஒண்ணு நேர்மையா சொல்லணும். 2016-ல ஜாமாங்கற மருத்துவ இதழ்ல 112 பேரை வச்சு முழு கவர் மெட்டலையும் பல பிளாஸ்டிக்கையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷத்துல சுருக்கம் சரியானவங்க மெட்டல்ல 92.6 சதவீதம், பிளாஸ்டிக்ல 85.4 சதவீதம். இஆர்சிபி எண்ணிக்கை சராசரியா மெட்டலுக்கு 2.14, பிளாஸ்டிக்குக்கு 3.24. மெட்டல் பிளாஸ்டிக்கை விடக் குறைஞ்சது இல்ல, தடவையும் குறையுதுன்னு தெரியுது. ஆனா அதுல பெரும்பாலானவங்க கல்லீரல் மாற்று சிகிச்சை பண்ணினவங்களும் நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவங்களும்தான், உங்க அம்மா மாதிரி ஆபரேஷன் காயத்துல வந்தவங்க 4 பேர்தான். 6 மி.மீ-க்கு சின்னக் குழாய் உள்ளவங்களை சேக்கவே இல்ல. பித்தப்பை ஆபரேஷனுக்கு அப்புறம் வர சுருக்கத்துக்கு பல பிளாஸ்டிக்கை ஏத்திக்கிட்டே போற முறை, இத்தாலியில கோஸ்டமான்யா குழுவினர் 2001-ல வெளியிட்டது, அதுக்குத்தான் நீண்ட காலப் பதிவு இருக்கு. அதனால டாக்டர் ரெண்டையும் சமமா முன்னால வைக்கிறார்னா அவர் குழப்பத்துல சொல்லல, உண்மையிலயே ரெண்டும் சமமான வழிதான்.

ரெண்டாவது_கல்லீரல்:

சகோதரி, எனக்கு கல்லீரல் மாத்தி ஆறு வருஷம் ஆச்சு. புதுக் கல்லீரலோட குழாயையும் என்னோட குழாயையும் தைச்ச இடத்துல சுருக்கம் வந்துச்சு. முதல்ல பிளாஸ்டிக்தான், ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணுன்னு நாலு தடவை இஆர்சிபி. அஞ்சாவதா கவர் மெட்டல் வச்சாங்க, நிம்மதின்னு நினைச்சேன், பத்தாவது வாரத்துல ஒரு சாயங்காலம் லேசா குளிர்ற மாதிரி இருந்துச்சு, போர்வை போத்திப் படுத்துட்டேன், ராத்திரி பத்து மணிக்கு பல்லு தந்தி அடிக்குற அளவுக்கு நடுக்கம், 103 டிகிரி காய்ச்சல். காலையில பாத்துக்கலாம்னு இருந்தேன். அந்த ஒரு ராத்திரியில ரத்தத்துல கிருமி ஏறி ஐசியூ-ல நாலு நாள். ஸ்டென்ட் பாதி கீழ இறங்கி சுருக்கத்தை விட்டே விலகியிருந்துச்சு.

அதனால கைகூப்பிக் கேக்குறேன், அம்மாவுக்கு குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா மணி என்னன்னு பாக்காதீங்க, கிளம்பிடுங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. பாராசிட்டமால் கொடுத்து காய்ச்சல் இறங்குனாலும் சரி.

எனக்கு அடுத்ததா வச்சது நடுவுல இடுப்பு ஒடுங்கி, குழாய்க்குள்ளயே முழுசா உக்காந்து, எடுக்கறதுக்கு மட்டும் ஒரு நூல் சிறுகுடல் பக்கம் தொங்குற குட்டை ஸ்டென்ட். அது நாலு மாசம் நின்னுச்சு, நூலைப் பிடிச்சு இழுத்து எடுத்தாங்க, சுருக்கம் இல்ல. அதுக்கப்புறம் நாலரை வருஷமா நல்லா இருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். என்கூட வார்டுல இருந்த ஒருத்தர் பிளாஸ்டிக் வச்சுட்டு மஞ்சக்காமாலை போனதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு ஊருக்குப் போயி மறந்தே போயிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தப்ப ஸ்டென்ட்டைச் சுத்தி கல்லு கட்டியிருந்துச்சு, எடுக்கறதுக்குள்ள மனுஷன் பாதியாயிட்டார். அவர்மேல மட்டும் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஒரு ஓரத்துல சின்ன எழுத்துல போட்டு அனுப்பிச்சா வயசானவங்க எப்படி ஞாபகம் வச்சுப்பாங்க? நான் மொபைல்லயும் காலண்டர்லயும் எழுதி, தம்பிகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். வச்ச தேதி, என்ன வகை, எத்தனை, எடுக்க வேண்டிய தேதி, இந்த நாலையும் எழுதி வாங்கிக்கோங்க.

மூத்தமகள்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரெண்டு நாளா இதைத் திரும்பத் திரும்ப படிச்சுக்கிட்டு இருக்கேன், அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். அக்கா, ரிப்போர்ட்ல பாத்தேன், குழாய் பிரியுற இடத்துல இருந்து 3 செ.மீ கீழ சுருக்கம் ஆரம்பிக்குது, சுருக்கத்துக்குக் கீழ குழாய் 8 மி.மீ-ன்னு போட்டிருக்கு. இன்னும் மூணு சந்தேகம். முதல்ல காணாம போன ஸ்டென்ட் உண்மையிலயே வெளிய போயிருக்குமா, குடல்ல எங்கயாவது மாட்டிக்கிட்டு இருந்தா? மெட்டல் வச்சா எம்ஆர்ஐ எடுக்க முடியாதா? அம்மாவுக்கு கவரிங் நகை போட்டா கழுத்துல தடிப்பு வரும், நிக்கல் அலர்ஜின்னு சொல்லியிருக்காங்க, நிட்டினால்ல நிக்கல் இருக்குன்னு படிச்சதும் பயமாயிடுச்சு.

எண்டோரூம்_அக்கா:

3 செ.மீ-ன்னா நல்ல சேதிம்மா. ஏன் கேட்டேன்னா, பிரியுற இடத்தை ஒட்டி சுருக்கம் இருந்தா கவர் மெட்டலோட மேல் முனை ஒரு பக்கத்துக் குழாயை மூடிடும், அந்தப் பக்கத்துக் கல்லீரல்ல பித்தம் தேங்கி சீழ் பிடிக்கும், அங்க பிளாஸ்டிக்தான் வழி. உங்க அம்மாவுக்கு அந்தத் தடை இல்ல, குழாயும் மெட்டல் நிக்கிற அளவுக்கு அகலம் இருக்கு. பித்தப்பையும் ஏற்கனவே எடுத்தாச்சு, இருந்திருந்தா கவர் அதோட குழாயை அடைச்சு பித்தப்பை வீங்கிடுமோன்னு ஒரு கவலை இருந்திருக்கும்.

காணாம போனதைப் பத்தி, வயிறு முழுக்க தெரியுற எக்ஸ்ரேல இல்லைன்னா வெளிய போயாச்சுன்னு எடுத்துக்கலாம், ஸ்டென்ட் எக்ஸ்ரேல தெரியும்படிதான் செய்வாங்க. மேல்வயிறு மட்டும் எடுத்திருந்தா முழு வயிறும் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் சத்தமில்லாம போயிடும். குடலிறக்கம் இருக்கறவங்க, வயித்துல பழைய ஆபரேஷன் ஒட்டல் இருக்கறவங்க, பெருங்குடல் சுவர்ல பை மாதிரி புடைப்பு இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் மாட்டிக்கிட்டு துளை போட வாய்ப்பு. அம்மாவுக்கு வயித்துல ஒரே இடத்துல விடாம வலி இருக்கான்னு மட்டும் கவனிங்க.

நிக்கல் தடிப்பை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, சொல்லாம விட்டுடாதீங்க. அதுக்காக மெட்டலே கூடாதுன்னு நானும் சொல்ல மாட்டேன், அவர் எடை போட்டு முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

கம்பிவலை:

எம்ஆர்ஐ-க்கு நிட்டினால் ஸ்டென்ட்டுகள் பெரும்பாலும் நிபந்தனையோட அனுமதி உள்ளவைதான். ஸ்டென்ட்டோட வர கார்டுல எந்த வலிமை வரைக்கும்னு போட்டிருக்கும், அந்தக் கார்டை வாங்கி ஃபைல்ல வச்சுக்கோங்க, ஸ்கேன் எடுக்கும்போது காட்டுங்க. ஸ்டென்ட் இருக்கற இடம் மட்டும் படத்துல கறுப்பா மறைஞ்சு போகும், அதனால உள்ள அடைச்சிருக்கான்னு எம்ஆர்சிபி-ல சரியா தெரியாது. நிக்கல் பத்தி, நிட்டினால் மேல டைட்டானியம் ஆக்சைடு படலம் இருக்கும், அதுமேல பாலிமர் கவரும் இருக்கு, நகை தோல்ல வேர்வையோட உரசற மாதிரி நிலைமை இல்ல. ஆனாலும் அக்கா சொன்ன மாதிரி டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும்.

ரெண்டாவது_கல்லீரல்:

அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அஞ்சு தடவைக்கு மேல டியூப் விட்டுக்கிட்டவன் சொல்றேன், இஆர்சிபி-ல மயக்கம் நல்லா கொடுத்துடறாங்க, டியூப் போறதும் தெரியாது வர்றதும் தெரியாது. முழிச்சதும் தொண்டை மட்டும் ஒரு நாள் கரகரன்னு இருக்கும். முந்தின ராத்திரி பயம்தான் பெருசு. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கோங்க.

மூத்தமகள்:

நேத்து முடிஞ்சுது. மேல ஏறுன 7 பிரெஞ்ச் ஸ்டென்ட் பலூனுக்கு வரலையாம், கூடைக்குள்ளயும் சிக்கலையாம், கடைசியா சுருக்குக் கண்ணியில முனை மாட்டி வந்துடுச்சு. கையில ஒரு டப்பாவுல போட்டுக் காட்டினாங்க, இந்தத் துண்டுக்கா நாங்க இத்தனை நாள் பயந்தோம்னு இருந்துச்சு, உள்ள முழுக்க பச்சையும் கறுப்புமா சேறு அடைச்சிருந்துச்சு. பெரியதுலயும் அதே மாதிரி. நகரலைன்னாலும் அடைச்சுத்தான் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு.

நிக்கல் விஷயத்தை முதல்லயே சொன்னேன். அவர் யோசிச்சுட்டு, எடுக்கக்கூடிய ஸ்டென்ட்தான், கவனமா பாத்துக்கிட்டு வைக்கலாம், ஒத்துக்கலைன்னா உடனே எடுத்துடலாம்னு சொன்னாரு. முழு கவர் மெட்டல், 10 மி.மீ அகலம், 8 செ.மீ நீளம், அதுக்குள்ள பிக்டெயில் பிளாஸ்டிக் ஒண்ணு. நங்கூரம் வைப்பீங்களா டாக்டர்னு நானே கேட்டேன், அவர் நிமிர்ந்து பாத்துட்டு, அதைத்தான் நானும் நினைச்சிருந்தேன்னு சொன்னாரு. ஆறு மாசத்துல எடுக்கணும், நடுவுல மாசம் ஒரு எக்ஸ்ரே. தேதியை ஃபைல் அட்டைமேலயே பெருசா எழுதி வாங்கிட்டேன், கார்டும் வாங்கிட்டேன்.

காலையில ரத்தத்துல பிலிருபின் (மஞ்சக்காமாலை அளவு) பாத்தாங்க, 7.8-ல இருந்து 6.1-க்கு வந்திருக்கு. அரிப்பு முழுசா போக சில நாள் ஆகும்னு சொன்னாங்க. ஆனா நேத்து ராத்திரி அம்மா அசந்து தூங்குனாங்க, மூணு மணிக்கு நான் எழுந்து பாத்தப்ப கை ரெண்டும் போர்வைக்குள்ள அசையாம இருந்துச்சு.